புதுப்பிப்பு: எழுதும்போதே அழித்துவிடும் பழக்கம் – எது கைகொடுத்தது

சிறுகதை எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியைத் தாண்டவே முடியவில்லை, ஒவ்வொரு வரிக்கும் மனசு குறை சொல்லி அழிக்க வைக்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நோட்டில் கையால் எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. அடித்து அடித்துப் பக்கம்தான் கருத்தது. அப்புறம் எழுத்துப் பயிற்சி தந்த அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1970-களில் பரப்பிய முறை: பத்து நிமிடம் டைமர், கை நிற்கக் கூடாது, திரும்பிப் படிக்கக் கூடாது, எதுவும் தோன்றாவிட்டால் ‘எதுவும் தோன்றவில்லை’ என்றே எழுத வேண்டும். பாதிப் பலன்தான், கண் தானாக மேல் வரிக்குப் போய்விடும்.

முழுசாகக் கைகொடுத்தது, திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டுத் தட்டச்சு செய்யச் சொன்னவரின் யோசனை. டைமரோடு சேர்த்துச் செய்தேன். கண்ணுக்கே தெரியாத வரியை எங்கே போய்த் திருத்துவது?

ஒரு எச்சரிக்கை: ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் கீபோர்டு இதற்குச் சரிப்படாது. நாம் பார்க்காதபோது அது வேறு சொல்லைப் போட்டுவிடுகிறது. தமிழ் எழுத்துகளையே நேரடியாக அடிக்கும் தமிழ்99 கீபோர்டு தேவலை.

எதிர்பாராத விஷயம் ஒன்று. குறை சொல்லும் குரலையும் விடாமல் எழுதிவைத்தேன். ‘இதையெல்லாம் யாரு படிப்பா?’, ‘இதெல்லாம் ஒரு ஆரம்பமா?’ பிறகு படித்தால், திரும்பத் திரும்ப அதே இரண்டு மூன்று வசனம்தான்! அதில் ஒன்றைக் கதையில் வரும் பெரியப்பாவுக்கே கொடுத்துவிட்டேன், கச்சிதமாகப் பொருந்தியது.

திருத்துவது மறுநாள்தான். அப்போது அந்தக் குரல் பேசட்டும் என்று விட்டுவிடுகிறேன். சொல்வதில் பாதி சரியாகத்தான் இருக்கிறது.