சீட்டுக் காசைத் தராதவரை மன்னித்தால் கடனும் போய்விடுமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் பிடித்த சீட்டில் சேர்ந்தேன். என் முறை வந்தபோது 3 இலட்சம் ரூபாயைத் தராமல் இழுத்தடித்தார், பிறகு கைவிரித்துவிட்டார். மகளுடைய கல்யாணத்துக்குச் சேர்த்த காசு. போன ஞாயிறு பூசை முடிந்து வாசலில் மறித்து, "அக்கா, ஆண்டவர் எழுபது தடவை ஏழுமுறை மன்னிக்கச் சொன்னாரே, விட்டுவிடுங்கோ" என்கிறார். அன்றிரவு செபத்தில் "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்ற வரிக்கு வந்ததும் வாய் அடைத்துப்போனது. நான் என்ன செய்ய?

மருதானைத் தம்பி:
விட்டுவிடுங்கோ அக்கா. மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையில், அரசனிடம் கடன்பட்ட ஊழியனுக்கு 10,000 தாலந்து தள்ளுபடியானது. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. அப்படியென்றால் 6 கோடி நாள் கூலி! அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் 100 தெனாரியத்துக்காக இன்னொருவன் கழுத்தை நெரித்தான். நாம் எல்லாரும் அந்த முதல் ஆள்தானே?

வத்தளை அண்ணன்:
தம்பி, கடன்பட்ட இரண்டு பேரும் காலில் விழுந்து, "பொறுத்துக்கொள்ளும், கொடுத்துத் தீர்க்கிறேன்" என்றார்கள். அக்காவிடம் வந்தவர் அதைச் சொன்னாரா? வேதவசனத்தை நீட்டிக் கடனை அழிக்கப் பார்க்கிறார். லூக்கா 17:3 என்ன சொல்கிறது? சகோதரன் குற்றம் செய்தால் கண்டிக்க வேண்டும், மனம் வருந்தினால் மன்னிக்க வேண்டும். வரி வசூலித்த சகேயு, தான் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1459ஆம் எண்ணிலும் இருக்கிறது.

மருதானைத் தம்பி:
இயேசு சிலுவையில் "தந்தையே இவர்களை மன்னியும்" என்றபோது எந்தப் படைவீரன் மனம் வருந்தியிருந்தான்? அவர்கள் சீட்டுக் குலுக்கி அவருடைய உடையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வருந்தட்டும் என்று காத்திருந்தால், அக்காவின் நிம்மதி அந்த மனுசன் கையில்தான் இருக்கும்.

வத்தளை அண்ணன்:
அது சரி. வெறுப்பை விடத்தான் வேண்டும், நானும் மறுக்கவில்லை. ஆனால் வெறுப்பு வேறு, கடன் வேறு. பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1983 டிசம்பரில் தன்னைச் சுட்டவனைச் சிறையில் போய்ப் பார்த்தார். அதற்கு முன்பே மன்னித்துவிட்டார். அவனோ 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தான். தூரம் போவானேன், நம்ம கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். 2019 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்பைச் செய்தவர்களை மன்னித்ததாகக் கர்தினால் மல்கம் ரஞ்சித் அடுத்த வருடமே மறையுரையில் சொன்னார். அதற்காக நீதி கேட்பதை நிறுத்தவில்லையே. அங்கே உறவுகளை இழந்தவர்களிடம் போய் "மன்னித்தாயிற்று, விசாரணை எதற்கு" என்று கேட்க முடியுமா?

மருதானைத் தம்பி:
உயிர்ப்பலியையும் சீட்டுக் காசையும் ஒன்றாக வைக்காதீர்கள் அண்ணன். அது நாட்டின் விசயம். இங்கே ஒரே பலிபீடத்தில் நற்கருணை வாங்கும் இரண்டு பேர். அக்கா போய்க் கேட்டு அவர் மறுபடியும் தராவிட்டால்? பழைய கோபம் இரட்டிப்பாகும். எனக்கு அந்தப் பயம்தான்.

கொட்டாஞ்சேனை அக்கா:
இருவருக்கும் நன்றி. நாளைக்கு அவருக்குப் போன் எடுத்து மாதம் 5,000 ரூபாயாவது தரச் சொல்லப்போகிறேன். பூசையில் சமாதானம் சொல்லும்போது அவருக்கு முகத்தைத் திருப்பமாட்டேன், அதுவும் முடிவு. கோபம் வரும் தம்பி, நேற்றும் வந்தது. அந்த வரியைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லித்தான் படுத்தேன்.