முதியோர் இல்லத் திட்ட இயக்குநராகப் புதிதாகப் பொறுப்பேற்றுள்ளேன்: பயன்பாட்டுச் சான்றிதழில் கணக்கு இடிக்கிறது

கேள்வி:
வணக்கம். மத்திய அரசின் முதியோர் நலத் திட்டமான அடல் வயோ அப்யுதய் யோஜனாவின் கீழ் மானியம் பெறும், 25 முதியவர்கள் தங்கியுள்ள இல்லம் ஒன்றுக்குச் சென்ற மாதம் திட்ட இயக்குநராகப் பொறுப்பேற்றேன். முன்பிருந்தவர் ஒரு சாவிக்கொத்தையும் மூன்று கோப்புகளையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒப்படைப்புக் குறிப்பு எதுவும் இல்லை. சென்ற நிதியாண்டுக்கான பயன்பாட்டுச் சான்றிதழை (மானியம் உரிய நோக்கத்துக்கே செலவானது என்று அரசுக்குக் கொடுக்கும் சான்று) தயாரிக்க உட்கார்ந்தால், மார்ச் 31 அன்று ரொக்கப் புத்தகத்தில் உள்ள இருப்பைவிடப் பாஸ்புக்கில் 6,412 ரூபாய் கூடுதலாக இருக்கிறது. மூன்று நாள்களாக வவுச்சர்களைப் புரட்டியும் பிடிபடவில்லை. இதனால் அடுத்த தவணை தள்ளிப்போனால் சமையலருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் (கணக்காளர்):
வவுச்சர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, பாஸ்புக்கில் காலாண்டுதோறும் வரவாகியிருக்கும் வட்டியைக் கூட்டிப் பாருங்கள். அநேகமாக அதை யாரும் ரொக்கப் புத்தகத்தில் ஏற்றியிருக்க மாட்டார்கள். மருந்துக்குத்தானே என்று அந்தப் பணத்தைத் தொட்டுவிட வேண்டாம். பொது நிதி விதிகள் 2017, விதி 230-இன்படி மானியத்தின் மீது கிடைக்கும் வட்டி, ஆண்டுக் கணக்கு இறுதி செய்யப்பட்டவுடன் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கருவூலத்துக்குச் செலுத்தப்பட வேண்டும். அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளவும் இயலாது.

பதில் (பதினோரு ஆண்டுகளாக இல்லம் நடத்துபவர்):
வட்டியைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் முதலில் ஒப்பளிப்பு ஆணையை (மானியத்தை அனுமதித்த அரசாணை) தேடி எடுத்து, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்பதை வரிவரியாகப் படியுங்கள். சம்பளம், உணவு போன்ற தொடர் செலவுக்கான பணத்தில் கட்டில் வாங்கியிருந்தால் தணிக்கையில் அதுவே பெரிய தலைவலியாகும். மானியத்தில் வாங்கிய பொருள்களுக்கான சொத்துப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பொருள்களை நேரில் எண்ணிக் கையொப்பமிடுங்கள். மருந்துக்கடை ரசீதுகளை இன்றே நகலெடுத்துவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சான எழுத்து ஆறே மாதத்தில் வெளிறிப்போய், வெறும் வெள்ளைத்தாளைத் தணிக்கையாளரிடம் நீட்டிய அனுபவம் எனக்குண்டு. சான்றிதழுக்கு நிதியாண்டு முடிந்து 12 மாதங்கள் அவகாசம் உண்டு என்றாலும், அடுத்த தவணை அதை நம்பியே இருப்பதால் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நான்கு வட்டி வரவுகளும் சேர்ந்து 5,897 ரூபாய். மீதி 515 ரூபாய், மார்ச் 29 அன்று மருந்துக்கடைக்குக் கொடுத்த காசோலை. கடைக்காரர் அதை வங்கியில் போடாமல் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தார். இப்போது ஜூலை ஆகிவிட்டதே, சென்ற ஆண்டுச் செலவிலிருந்து அதை நீக்கிவிடலாமா?

பதில் (கணக்காளர்):
நீக்க வேண்டாம்; மருந்து சென்ற ஆண்டில் வாங்கியதுதான். ரொக்கப் புத்தகத்துக்கும் பாஸ்புக்குக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் அதைப் பணமாக்கப்படாத காசோலையாகக் காட்டுங்கள். மூன்று மாதங்கள் கடந்த காசோலை செல்லாது என்பதால், பழையதைத் திரும்பப் பெற்று ரத்து செய்து, இந்த ஆண்டுப் புத்தகத்தில் ரத்தையும் புதிய காசோலையையும் பதிந்துவிடுங்கள்.