பஃபலோ பில்லின் ‘வைல்ட் வெஸ்ட்’: பிழைப்பா, அவமதிப்பா?

குறிஞ்சி நிலவன்:
1883இல் அமெரிக்காவின் ஒமாஹாவில் வில்லியம் கோடி என்ற பஃபலோ பில் தொடங்கிய ‘வைல்ட் வெஸ்ட்’ ஊர்சுற்றிக் காட்சியைச் சிலர் இன்றும் சிலாகிப்பது எரிச்சலூட்டுகிறது. அதில் அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டாக்கள் டெட்வுட் நகரின் பயணிகள் குதிரை வண்டியைத் தாக்குவார்கள். பில் குதிரையில் பாய்ந்துவந்து காப்பாற்றுவார். நிலத்தைப் பறிகொடுத்தவன் கொள்ளைக்காரன், பறித்தவன் இரட்சகன். இதற்கு டிக்கெட் வேறு!

ஆத்தூர்வாசி:
பாதி நியாயம். அதே 1883இல்தான் அமெரிக்க அரசு லகோட்டாக்களின் புனிதச் சடங்கான சூரிய நடனத்தைத் தடை செய்தது. அரசு அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் நடனம் ஆடினால் ரேஷன் நின்றுபோகும். பில்லின் அரங்கில் ஆடினால் சம்பளம் வரும். 1885இல் நான்கு மாதம் பில்லுடன் சென்ற லகோட்டாத் தலைவர் சிட்டிங் புல் வாரம் 50 டாலர் வாங்கினார். தன் புகைப்படத்தில் கையெழுத்திட்டு விற்கும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். ஏமாளி இப்படிப் பேரம் பேசுவாரா?

குறிஞ்சி நிலவன்:
அந்தச் சிட்டிங் புல்லை 1890 டிசம்பரில் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு வாரத்தில் வூண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் நடத்திய லகோட்டாப் படுகொலை. அதன்பின் சிறையில் இருந்த கிக்கிங் பேர், ஷார்ட் புல் முதலிய லகோட்டாக்களை 1891இல் இதே குழுவோடு ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். சிறையா, வேடிக்கையா என்று கேட்பதற்குப் பெயர் வேலைவாய்ப்பா, ஐயா?

ஆத்தூர்வாசி:
சிறையில் அடைத்தது ராணுவம். பில்மீது ஏன் பாய்கிறீர்கள்?

பழைய பேப்பர்:
இருவரும் சம்பளத்திலேயே நிற்கிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. 1876 ஜூலையில், பூர்வகுடிகளிடம் ராணுவத் தளபதி கஸ்டரின் படை அழிந்த மூன்று வாரத்தில், பில் செயென் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு வீரனைக் கொன்று உச்சித்தோலை உரித்தார். அன்று அவர் உடுத்தியிருந்தது கறுப்பு வெல்வெட் நாடக உடை! சில மாதங்களில் அதே கொலையை மேடையில் நடித்தார். போருக்குப் போகும்போதே மேடையை நினைத்துக்கொண்டு போன மனிதர். தன் நிகழ்ச்சிக்கு ‘ஷோ’ என்ற சொல்லையே தவிர்த்தார். பார்த்தவர்கள் வரலாறு என்றே நம்பவேண்டும் என்பதற்காக. 1887இல் லண்டனில் விக்டோரியா அரசியே வந்து பார்த்தார். பின்னால் வந்த கௌபாய் படங்கள் கதை சொல்லக் கற்றது இங்கேதான்.

ஆத்தூர்வாசி:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பில்லும் தப்பவில்லை. 1913இல் டென்வரில் கடனுக்காக எல்லாம் ஏலம் போயின. பிறகு வேறொருவரின் சர்க்கஸில் அவரே கூலிக்குக் குதிரை ஏறினார்.

குறிஞ்சி நிலவன்:
ஏறினார், சரி. சுடப்பட்டுக் கீழே விழும் வேடத்தை அங்கேயும் அவருக்கு யாரும் கொடுக்கவில்லையே.