டீ பில்லின் பின்பக்கம் எழுதிய பல்லவி

பாட்டு வரி, மெட்டு இவற்றின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் மியூசிக் பப்ளிஷிங் வேலைக்கு வர கல்லூரியில் என்ன படிக்க வேண்டும் என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் சென்னையில் பி.காம். படித்தவன். இந்தத் தொழில் என்னவென்று எனக்குப் புரிய வைத்தது நான் செய்த ஒரு தப்பு.

இரண்டாம் ஆண்டில் கல்சுரல்ஸுக்காக ஒரு பாட்டு போட்டோம். மெட்டு என்னுடையது. வரிகள் தமிழ் இலக்கியம் படித்த தோழியுடையவை. பல்லவியை கேன்டீன் டீ பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். பாட்டை இணையத்தில் ஏற்றும்போது என் பெயரையும் பாடியவன் பெயரையும் மட்டும் போட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு குறும்படக் குழு அதைக் கேட்டு 4,000 ரூபாய் தந்தது. நானும் பாடியவனும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டோம். "வரி என்னுதுதானே?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம்தான் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். சட்டப்படி பாட்டு வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, ஒலிப்பதிவு இன்னொன்று. லேபிள்காரர்கள், அதாவது பாட்டை வெளியிடும் இசை நிறுவனங்கள் கையில் இருப்பது ஒலிப்பதிவு. வரி, மெட்டு இவற்றின் உரிமையையும் அதற்கு வரும் பணத்தையும் பார்த்துக்கொள்வது பப்ளிஷர் வேலை. 2012-இல் வந்த திருத்தம் இன்னும் முக்கியம். படத்துக்காக எழுதிய பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியைக் கவிஞரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் எழுதிக் கொடுத்த உரிமை ஐந்து ஆண்டுக்குத்தான் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எந்தத் துறையில் படித்தாலும் 18, 19 பிரிவுகளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

மூன்றாம் ஆண்டு சாலிகிராமத்தில் ஒரு சின்ன பப்ளிஷிங் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப். இசைமயமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். இரண்டு மாதமும் எக்செல்தான். ஆனால் அங்கேதான் நிஜமான பாடம். ஒரே கவிஞரின் பெயர் ஐந்து விதமாகப் பதிவாகியிருந்தது. ஒரு இடத்தில் இனிஷியல் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால், வேறொரு இடத்தில் அப்பா பெயரே முழுசாக. ஆங்கிலத்தில் 'த' எழுதும்போது ஒருவர் டி மட்டும் போடுவார், ஒருவர் டிஹெச் போடுவார். கணினிக்கு அவர்கள் ஐந்து பேர். யாருடையது என்று தெரியாமல் பணம் அப்படியே நிற்கும். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது தீராத தலைவலி. அதனால்தான் படைப்பாளிக்கு ஐபிஐ எண், படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி, ஒலிப்பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்று தனித்தனி எண்கள். எக்செலில் அந்த ஐந்து பெயர்ப் பதிவுகளும் ஒன்றாகச் சேர்ந்த அன்று மனசு நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

கல்லூரியிலேயே செய்யக்கூடியது: உங்கள் பேண்டில் பாட்டு முடிந்த அன்றைக்கே, ஸ்டூடியோவை விட்டு வெளியே வருவதற்கு முன், யார் எழுதியது, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். சொந்தப் பாட்டுகள் வெளிவந்திருந்தால் கவிஞர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் அமைப்பான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராவது எப்படி என்று பாருங்கள்.

என் பங்கிலிருந்து தோழிக்கு 1,000 ரூபாய் கொடுத்தேன், பாடியவனும் கொடுத்தான். அந்தப் பாட்டின் விவரத்தில் இப்போது அவள் பெயர்தான் முதலில் இருக்கிறது. டீ பில் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது, மை கொஞ்சம் மங்கிவிட்டது.