ஏரி சேறும் அந்த 30-உம்

வண்டல்:
எங்க தெரு வாட்ஸாப் குரூப்ல ஒரு பெரியவர் போட்டிருக்காரு, "ஏரித் தண்ணிய லேப்ல குடுத்துப் பாத்தாச்சு, காட்மியம் ஈயம் ரெண்டும் இல்ல, தூர்வார்ற சேத்த மாடித்தோட்டத்துக்குத் தாராளமா அள்ளிக்கலாம்"னு. எந்த ஏரின்னு கேக்காதீங்க, அம்பத்தூர் பக்கம். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. மெட்டல் தண்ணில மிதந்துக்கிட்டா இருக்கும்? களிமண்லயும் மக்குன குப்பைலயும் ஒட்டிக்கிட்டு அடியில போய் உக்காந்துரும். உதாரணத்துக்கு, ஒரு கிலோ காஞ்ச சேத்துல காட்மியம் 1.2 மில்லிகிராம்னு வைங்க, இயற்கையா இருக்குறது 0.3, அப்போ 4 மடங்கு, சேத்தோட ஆபத்த அளக்க சுவீடன் விஞ்ஞானி ஹாகன்சன் 1980ல குடுத்த கணக்குப்படி 30-ஆல பெருக்குனா 120. 80 தாண்டுனாலே கவலைப்படணும்.

ரிட்டயர்டு கெமிஸ்ட்:
அந்தப் 'பெரியவர்' நாந்தான். குரூப்ல கேக்க வாய் வரல, இங்க வந்து வீரம். சரி, 30 எங்கேருந்து வந்துச்சு? எதையும் 30-ஆல பெருக்குனா ஆபத்துதான். என் பென்ஷனையும் பெருக்குங்க தம்பி, போட் கிளப்ல பங்களா வாங்கிக்கிறேன்.

வண்டல்:
தம்பி இல்ல சார், நான் பொம்பள. 30ங்கறது காட்மியத்தோட விஷத்துக்குக் குடுத்த எடை. பாதரசத்துக்கு 40, ஈயத்துக்கு 5, துத்தநாகத்துக்கு 1. அதே 4 மடங்கு ஈயம்னா 20 தான் வரும், துத்தநாகம்னா வெறும் 4. பூமியில அரிதா கெடைக்கிறதுக்கு எடை ஜாஸ்தி. கெமிஸ்ட்டுக்கு இதெல்லாம் நான் சொல்லணுமா?

பாடி பிரிட்ஜ்:
சுவீடன்காரன் அவன் ஊர் ஏரிய வச்சுப் போட்ட 30 நம்ம ஊரு வெயில்ல வேகுற ஏரிக்கு எப்டி மேடம் செட்டாகும்?

கெண்டை:
எல்லாரும் 30-அயே புடிச்சுத் தொங்குறீங்க. மேடம் போட்ட 0.3 களிப்பாறைல (ஷேல்) சராசரியா இருக்குற காட்மியம். ஹாகன்சன் தன் கணக்குல காட்மியத்தோட இயற்கை அளவ 1.0னு வச்சாரு. அத வச்சா 1.2 பை 1, இன்ட்டு 30, வெறும் 36. 40க்குக் கீழ, 'குறைவு'. அடிப்படை அளவு என்னன்னு முதல்ல முடிவு பண்ணுங்கப்பா.

வண்டல்:
கெண்டை, குறுக்க வராதீங்க, அவரு கேட்டது 30-அ பத்தி.

ரிட்டயர்டு கெமிஸ்ட்:
ஆமா, 30-அ பத்திதான். இன்னும் பதில் வரல.

வண்டல்:
வந்துருச்சு சார், படிக்கத்தான் மாட்டேங்குறீங்க. ஜப்பான்ல ஜின்சு ஆத்துத் தண்ணி பாஞ்ச வயல்ல சுரங்கக் கழிவு சேந்து, அந்த அரிசியத் தின்னவங்களுக்கு எலும்பு ஒடிஞ்சுது, 1968ல அந்த அரசாங்கமே காட்மியத்தாலதான்னு ஒத்துக்குச்சு, அப்பேர்ப்பட்ட சரக்குக்கு 30 ஜாஸ்தின்னு இங்க பேரம் பேசுறீங்க. அதுவும் கீரை இருக்கே, மண்ணுல இருக்குற காட்மியத்த இலைக்கு இழுக்குறதுல கெட்டி, நீங்க மாடில போடச் சொல்றது அதத்தான். இன்னொண்ணு, காத்து படாத அடிச் சேத்துல அது கந்தகத்தோட இறுகிக் கெடக்கும், அள்ளி வெயில்ல காயப்போட்டா அவுந்து வெளிய வரும். ஒரு லிட்டர் தண்ணில 0.003 மில்லிகிராம்கூட இல்லன்னு நீங்க காட்டுற ரிப்போர்ட்டு சேத்தப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லாது. மூடிய மோந்து பாத்துட்டு குழம்பு கெடலன்னு சொல்ற கதையா இருக்கு.

ரிட்டயர்டு கெமிஸ்ட்:
கட்டுரை நல்லாருக்கு. 30?

பாடி பிரிட்ஜ்:
😂😂

கெண்டை:
கொஞ்சம் களிமண் ஜாஸ்தியா இருக்குற எடத்துல சேறு எடுத்தாலே மெட்டல் கூடத்தான் வரும், மணல்ல எடுத்தா கம்மி. எங்கேருந்து எடுக்கணும்னு யாராச்சும் பேசுறீங்களா?

வண்டல்:
நீங்க யாரு பக்கம்?

கெண்டை:
ஏரி பக்கம்.

ரிட்டயர்டு கெமிஸ்ட்:
இந்தம்மா யாருன்னு இப்ப புரியுது. 2015 வெள்ளத்துல பேஸ்மென்ட் தண்ணி இறைக்க மோட்டார் வாடகைக்கு எடுத்தோம், இன்னைக்கு வரைக்கும் பங்கு குடுக்காத வீடு. அவங்க கணக்கு சொல்லித்தராங்க.

வண்டல்:
அந்த மோட்டார் உங்க கார் நின்ன எடத்துல மட்டும்தான் சார் ஓடுச்சு. எங்க ஸ்கூட்டி மூணு நாள் தண்ணிக்குள்ள. அந்தக் காச நான் ஏன் குடுக்கணும்?

நாலாவது மெயின் ரோடு:
சாரி, லேட்டு. ஏற்கனவே நாலு மூட்டை அள்ளிட்டு வந்து தொட்டில போட்டாச்சு, அரைக்கீரை முளைச்சிருச்சு. பறிக்கலாமா வேணாமா?

ரிட்டயர்டு கெமிஸ்ட்:
தாராளமா.

வண்டல்:
தொடாதீங்க. அவரே மொதல்ல சாப்பிடட்டும்.

ரிட்டயர்டு கெமிஸ்ட்:
30-ஆல பெருக்கிட்டு சாப்பிடுறேன்.

பாடி பிரிட்ஜ்:
கீரைய விடுங்க, அந்த மோட்டார் மேட்டர யாராச்சும் முழுசா சொல்லுங்க.