மில் வாசலுக்கு வெளிநாட்டு நியாயம் வந்து சேருமா? ஆடிட், புகார், ஒப்பந்தம் பற்றி

கப்பலூர் தோழர்:

வெளிநாட்டு பிராண்டுகளுக்காகத் தொழிலாளர் நிலையைச் சோதிக்கும் ஆடிட் வரும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். ஸ்மெட்டா, எஸ்ஏ 8000 என்று எந்தப் பெயரில் வந்தாலும் நடப்பது ஒன்றுதான். சம்பள ரிஜிஸ்டரை வருகைப் பதிவோடு ஒத்துப் பார்ப்பார்கள், சிலரைத் தனியாகவும் சிலரைக் கூட்டமாகவும் விசாரிப்பார்கள், குறைகளுக்குக் கெடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் தேதி முன்பே தெரிந்துவிடும். பல இடங்களில் ஆடிட் கட்டணம் கட்டுவதே மில்தான். வார்டன் காதுக்கு எட்டும் தூரத்தில் ஹாஸ்டல் பிள்ளையிடம் கேட்டால் என்ன பதில் வரும்?

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு இரண்டு நோட்டாக இருந்தால் ரிஜிஸ்டரை எத்தனை முறை புரட்டினாலும் பிடிபடாது. ரிங் ஃப்ரேமின் (நூற்பு இயந்திரம்) ஓட்டத்தைக் காட்டும் ஹேங்க் மீட்டர், மெஸ் சாப்பாட்டுக் கணக்கு, மில் பஸ் டிரிப் ஷீட் மூன்றையும் ஒரே தேதிக்கு எடுத்து வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஞாயிறு விடுமுறை என்று கையெழுத்து இருக்கும். மெஸ்ஸில் இருநூறு சாப்பாடு போயிருக்கும். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்ற சட்டம் அங்கேதான் கரைகிறது.

வாடிப்பட்டி அக்கா:

அதுகூட தையல் கம்பெனி வரைக்கும்தான் தோழர். நூல் மில்லுக்கு ஆடிட் வர்றது அபூர்வம். எந்த பிராண்டுன்னு தெரியாம புகார் எழுதினா குப்பைக்குத்தான் போகும். தையல்ல இருக்கிறவங்க லேபிளைப் பாருங்க. அமெரிக்காவுக்குப் போற துணியில பெரும்பாலும் ஆர்.என். நம்பர் (கம்பெனியோட பதிவு எண்) இருக்கும், அதை வச்சு அந்த ஊர் வர்த்தக ஆணையத்தோட இணையதளத்துல தேடினா எந்தக் கம்பெனின்னு வந்துடும். ஸ்டைல் நம்பர், பி.ஓ. (ஆர்டர்) நம்பரையும் எழுதிக்கங்க. லேபிளைக் கிழிச்சு எடுத்துட்டு வந்துடாதீங்க, திருட்டுன்னு நோட்டீஸ் கொடுப்பாங்க. நூல் மில்லுல நூல் கோன் ஸ்டிக்கர்ல கவுண்டும் (நூலோட தடிமன் அளவு) லாட் நம்பரும் மட்டும்தான். துணியாகும்போது நாலு மில் நூல் கலந்துடும், தடம் அங்கேயே அறுந்துபோகும்.

கப்பலூர் தோழர்:

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. பிராண்ட் தெரிந்த பிறகு எங்கே எழுதுவது என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள்.

சங்க உரிமைக்கான ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கைகள் 87, 98 இரண்டையும் இந்தியா ஏற்கவில்லை. ஏற்காத நாட்டின் மீதும் அந்த அமைப்பில் 1951இல் அமைந்த சங்கச் சுதந்திரக் குழுவில் புகார் வைக்கலாம். ஆனால் தனி ஆள் கடிதம் எடுபடாது, சங்கம் மூலமாகத்தான் போக வேண்டும். அரசிடம் பதில் கேட்டு முடிக்கவே காலம் ஓடிவிடும். அபராதம் போடும் அதிகாரமும் இல்லை. வேலை போனவருக்கு அதனால் சோறு வராது.

ஜெர்மன் சப்ளை செயின் சட்டம் (2023 ஜனவரி 1 முதல்; சரக்கு தரும் ஆலைகளில் நடக்கும் உரிமை மீறலை வாங்கும் பெரிய கம்பெனி கவனிக்க வேண்டும் என்பது) கொஞ்சம் உருப்படியானது. நேரடி சப்ளையர் அல்லாத மில் என்றால், மீறல் நடந்திருக்கலாம் என்பதற்கு ஆதாரம் கையில் வந்த பிறகே கம்பெனி விசாரித்தாக வேண்டும். அதனால் தேதி, ஷிப்ட், மில் பெயர், லேபிள் விவரத்தோடு எழுதும் கடிதமே அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி. "எங்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று மட்டும் எழுதினால் திறக்காது.

என் கணக்கில் உண்மையில் பல் இருந்தது 2022 திண்டுக்கல் ஒப்பந்தத்துக்குத்தான். 2021இல் தையல் ஆலைப் பெண் தொழிலாளி ஒருவர் கொலையான பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கத்தோடு போட்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஹெச் கையெழுத்திட்டன. ஆலை சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டரில் கை வைக்கலாம் என்றிருந்தது, லைனில் கண்காணிக்கச் சங்கம் பயிற்றுவித்த தொழிலாளர்களே இருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்தத் தையல் ஆலையின் சரக்கை நிறுத்தி, செப்டம்பரில் தடையைத் தளர்த்தியது. ஓட்டை ஒன்று இருந்தது: பிராண்டே ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் பிடிக்கக் கயிறு இல்லை.

திருமங்கலத்தான்:

ஜெர்மனிக்கு எழுதுறதுக்கு முன்னாடி இங்கே கெடு தவறிடாம பாருங்கப்பா. பாலியல் தொல்லைப் புகாரை மூணு மாசத்துக்குள்ள கம்பெனியில இருக்கிற உள்ளகப் புகார்க் குழுவுக்குக் கொடுக்கணும். சங்கம் பதிய ஏழு பேர் விண்ணப்பிக்கணும், தொழிலாளர்ல 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அவ்வளவு உறுப்பினர் வேணும். அந்த ஏழு பேரும் ஒரே ஷிப்டா இருந்தா பேர் கசிஞ்ச அன்னிக்கே மொத்தமா வெளியே அனுப்பிடுவாங்க; மூணு ஷிப்டுலயும் பிரிச்சு எடுங்க. எதைக் கொடுத்தாலும் நகல்ல சீல் வாங்குங்க, சீல் தரலைன்னா ஸ்பீடு போஸ்ட்ல பதிவு சேர்த்து அனுப்பி, போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சி வாங்குங்க.