ஒரு அவுன்ஸ் ரோடியம் பார் (உலோகக் கட்டி): டர்பன் பக்கம் யாராவது சோதித்துத் தருவார்களா?

வணக்கம். மேலே முத்திரை குத்திய 1 அவுன்ஸ் (31.1 கிராம்) ரோடியம் (பிளாட்டினம் வகை விலையுயர் உலோகம்) பார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டது, அதனால்தான் வேறு உலோகமோ என்று சந்தேகம்.

அடர்த்திச் சோதனையை யோசித்துப் பார்த்தாயிற்று. ரோடியம் கன செ.மீ.க்கு 12.41 கிராம், அதே வகை உலோகமான பல்லேடியம் 12.02. அதாவது தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தால் அசல் ரோடியம் சுமார் 2.51 கிராம் குறைய வேண்டும். பல்லேடியமாக இருந்தால் 2.59. வித்தியாசம் வெறும் 0.08 கிராம்! எழுத்துப் பள்ளத்தில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கணக்கு கெட்டுவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, 0.001 கிராம் தராசில் செய்தால்தான் நம்பலாம். நகைக்கடை 0.01 தராசு இதற்குப் போதாது. வெள்ளி (10.49) என்றால் மட்டும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எக்ஸ்ரே கருவி மேல்தோலைத்தான் படிக்கும். அமிலச் சோதனையும் வீண், கட்டி ரோடியத்தை, தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகம்கூடக் கரைக்காது. எனக்குத் தெரிந்து சரியான வழி மின்கடத்துத்திறன்: பல்லேடியத்தைவிட ரோடியம் இரண்டு மடங்குக்கு மேல் கடத்தும்.

கேள்விகள்: டர்பனிலோ ஜொகன்னஸ்பர்க்கிலோ மின்கடத்துத்திறன் அளக்கும் மீட்டர் யாரிடம் உண்டு? தென்னாப்பிரிக்காவின் 2005 விலையுயர் உலோகச் சட்டப்படி இப்படிப்பட்ட பாரைத் தனியாள் உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாமா? திரும்ப விற்கும்போது சந்தை விலையில் எவ்வளவு கழிப்பார்கள்?

ஜொகன்னஸ்பர்க் பங்குச்சந்தையில் (ஜேஎஸ்இ) ரோடியம் ஈடிஎஃப் (பங்குபோல் வாங்கும் நிதி) இருப்பது தெரியும். 2021 மார்ச்சில் அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டிச் சரிந்த கதையும் தெரியும், அதனால் அதை வாங்கு, இதை வாங்காதே என்ற அறிவுரை வேண்டாம்.